ஆற்றோரம், காட்டுப்பாதை: முதல் நடைக்கு மூன்று காலணிகள்

எளிதான பாதைதானே என்று வாசலில் கிடக்கும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள் ஒரு பக்கம். பனிமலை ஏறப் போகிறவர்கள்போலக் கணுக்காலைத் தாண்டும் கனத்த பூட்ஸை வாங்கி, முதல் நாளே குதிகாலில் கொப்புளத்தோடு திரும்புகிறவர்கள் மறுபக்கம். ஆற்றங்கரையை ஒட்டியும் மரநிழலிலும் போகிற நான்கைந்து கிலோமீட்டர் பாதைக்கு இரண்டும் தோதுப்படாது. அங்கே ஏற்றம் குறைவு, ஆனால் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஓடை குறுக்கிடும், சேறு வரும், காலைப் பனியில் நனைந்த புல் வரும். தண்ணீரைப் பார்த்த குழந்தை அதில் இறங்காமல் வராது. தண்ணீர் காலணிக்குள் போகத்தான் போகிறது. போன தண்ணீர் எவ்வளவு சீக்கிரம் வெளியே வரும் என்பதை வைத்தே இந்த நடைக்கான காலணியை எடைபோட வேண்டும்.

அந்த அளவுகோலை வைத்து மெரல் மோவாப் 3, கீன் நியூபோர்ட் ஹெச்2, ஆல்ட்ரா லோன் பீக் ஆகிய மூன்றையும் பார்க்கலாம். மூன்றும் பரவலாக விற்பவை, ஒவ்வொன்றும் வெவ்வேறு யோசனையில் பிறந்தவை. மோவாப் வழக்கமான நடை ஷூ. நியூபோர்ட் விரல்களை மூடிய சாண்டல். லோன் பீக் காட்டுப்பாதையில் ஓடுகிறவர்களுக்காக வந்து, நடக்கிறவர்களின் காலிலும் இடம்பிடித்துவிட்ட மெல்லிய ஷூ.

காலுக்கடியில் என்ன இருக்கிறது

காலணியைப் பார்க்கும் முன் தரையைப் பார்த்துவிடுவோம். ஆற்றோரப் பாதையில் தரை அடிக்கடி மாறும். காய்ந்த இலை மூடிய மண், அடுத்து வேர்கள், அடுத்து களிமண் சேறு, பிறகு சதுப்பின் மேல் போட்ட மரப்பலகை, கடைசியில் கரையிறங்கினால் கூழாங்கல். ஒரே சோல் இத்தனைக்கும் ஈடுகொடுக்க வேண்டும்.

இவற்றில் அதிகம் விழவைப்பது ஈர வேர். பலர் மிதித்து மிதித்துப் பட்டை தேய்ந்து, சோப்புப் போட்டதுபோல் வழவழத்துக் கிடக்கும். பாதைக்குச் சரியாகக் குறுக்கே கிடக்கும் வேர் அவ்வளவு மோசமில்லை. சாய்வாக ஓடும் வேரில் கால் வைத்தால் வேரின் போக்கிலேயே கால் பக்கவாட்டில் சறுக்கிப் போய்விடும். எந்த விலை ஷூ போட்டாலும் இதற்கு மருந்து ஒன்றுதான்: வேரின் மேல் மிதிக்காமல் தாண்டி மண்ணில் கால் வைப்பது. தாண்டிக் கால் வைக்கிற பழக்கத்தைக் குழந்தைகளுக்கு விளையாட்டாகவே சொல்லிக் கொடுத்துவிடலாம்.

பலகைப் பாதையில் வேறு சங்கதி. பாசி பிடித்த ஈரப் பலகையில் சோலின் பல் எவ்வளவு ஆழம் என்பது உதவாது. பல் குத்தி இறங்க அங்கே மண் இல்லை. சொல்லப்போனால் பல் பெரிதாக, இடைவெளி அதிகமாக இருந்தால் பலகையைத் தொடும் ரப்பரின் பரப்பு குறைந்துவிடும். அங்கே பிடிப்பைத் தருவது ரப்பரின் மென்மையும் கால் வைக்கும் விதமும். பாதத்தை முழுசாகத் தட்டையாக வைத்து, அடியைச் சுருக்கி நடக்க வேண்டும். குதிகாலை முதலில் ஊன்றினால் வழுக்கும்.

களிமண்ணில் நேர் எதிர். 4 முதல் 5 மி.மீ. ஆழமும் பல்லுக்குப் பல் நல்ல இடைவெளியும் இருந்தால் சேறு தானாக உதிரும். நெருக்கமான பல் என்றால் நாலு அடியில் சேறு அடைத்து, சோல் மொழுமொழுவென்று ஆகிவிடும். அதற்குப் பிறகு எந்த ஷூவும் ஒன்றுதான்.

மெரல் மோவாப் 3

2007-இல் வந்த வரிசை இது. மோவாப் என்ற பெயர் ‘மதர் ஆஃப் ஆல் பூட்ஸ்’ என்பதன் முதலெழுத்துகள். முதல்முறை நடை ஷூ வாங்குகிறவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய பெயராக இது ஆனதற்கு நியாயமான காரணம் உண்டு. கடையில் போட்ட நிமிடத்திலேயே காலுக்கு இதமாக இருக்கும்; பழக்கி எடுக்கத் தேவையில்லை. விரல்பகுதி தாராளம். அகலப் பாதம் உள்ளவர்களுக்குத் தனி அகல அளவும் வருகிறது. நாக்குப்பகுதியின் இரு ஓரமும் மேல்பாகத்தோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருப்பதால் இலைத்தூளும் சிறு கல்லும் லேஸ் வழியாக உள்ளே வருவதில்லை. காட்டுவழியில் இது சின்ன விஷயமில்லை. ஒரு சுள்ளித் துண்டு உள்ளே புகுந்தால் குழந்தை அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும்.

அடியில் வைப்ரம் நிறுவனத்தின் டிசி5+ சோல், 5 மி.மீ. பல். இத்தாலிய மலையேறி விட்டாலே பிரமானியின் பெயரையும் குடும்பப்பெயரையும் சேர்த்துப் பிறந்த நிறுவனம் வைப்ரம். 1935-இல் ஆல்ப்ஸில் ஆறு தோழர்களைப் பறிகொடுத்த பிறகு, வழுக்காத ரப்பர் சோலைச் செய்தே தீருவது என்று இறங்கியவர் அவர். மலையேறிகள் அதுவரை போட்டிருந்த ஆணி அடித்த தோல் அடிகளின் காலம் அந்த ரப்பரால்தான் முடிவுக்கு வந்தது. அந்தப் பெயர் சோலில் இருப்பதால் எல்லா இடத்திலும் ஒட்டிக்கொள்ளும் என்று நம்பிவிடக் கூடாது. வைப்ரத்திலேயே பல கலவைகள் உண்டு. டிசி5+ நீண்ட நாள் உழைப்பதற்கான கலவை. மண்ணிலும் சரளையிலும் காய்ந்த பாறையிலும் அருமையாகப் பிடிக்கும். ஈரமான வழவழப் பாறையில், ஈரப்பிடிப்புக்கென்றே வந்த மெகாகிரிப் கலவையளவுக்கு நிற்காது. ஆற்றங்கரைக் கல்லில் கால் வைக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எடை, அளவைப் பொறுத்து, ஆண்களுக்கான, கணுக்காலுக்குக் கீழே நிற்கும் ஷூவில் ஒரு காலுக்கு ஏறக்குறைய 450 கிராம். மூன்றில் இதுதான் கனம். காலில் ஏற்றுகிற எடை முதுகில் ஏற்றுகிற அதே எடையைவிடப் பல மடங்கு களைப்பைத் தரும், ஏனென்றால் ஒவ்வொரு அடிக்கும் அதைத் தூக்கி வீச வேண்டும். ஐந்து கிலோமீட்டருக்கு அது பெரிய பாரமில்லை. பத்தைத் தாண்டினால் தொடை சொல்லும்.

வாங்கும்போது பலர் தடுமாறுவது எந்த மோவாப் என்பதில்தான். ஒரே உருவத்தில் மூன்று வகை விற்கிறது: வெறும் வலைத்துணி வைத்தது, நிறுவனத்தின் சொந்த நீர்புகாச் சவ்வு வைத்தது, கோர்-டெக்ஸ் சவ்வு வைத்தது. விற்பவர் பெரும்பாலும் கடைசி இரண்டையே நீட்டுவார். ஆற்றோர நடைக்கு முதல் வகையை வாங்குங்கள்.

நீர்புகா ஷூ ஏன் வேண்டாம்

கோர்-டெக்ஸ் மட்டமான பொருள் என்று இதற்குப் பொருளில்லை. 1969-இல் பாப் கோர் ஒரு வகை பிளாஸ்டிக்கை வெடுக்கென்று இழுத்து விரித்தபோது கிடைத்த, நுண்துளைகள் நிறைந்த படலம் அது. தண்ணீர்த் துளி நுழைய முடியாத அளவு சின்னத் துளை, நீராவி மட்டும் தப்பிப் போகலாம். குளிர்ந்த, ஈரப் புல்வெளியில் நடக்கும்போது அது சொன்னதைச் செய்யும்.

ஆற்றோரத்தில் என்ன ஆகிறது என்று கொஞ்சம் கிட்டப்போய்ப் பாருங்கள். சவ்வு என்பது ஷூவுக்குள் தைத்த ஒரு நீர்புகாச் சாக்ஸ். அதன் உயரம் ஷூவின் வாய் வரைதான், கணுக்கால் எலும்புக்குச் சற்றுக் கீழே. ஓடையைத் தாண்டும்போது ஒரு கல் ஆடுகிறது, கால் இறங்குகிறது, தண்ணீர் வாய் வழியாக ஊற்றுகிறது. இப்போது எந்தச் சவ்வு தண்ணீரை வெளியே நிறுத்தவேண்டுமோ அதே சவ்வு அதை உள்ளே பிடித்து வைக்கிறது. துளை இல்லாத வாளி. ஒவ்வொரு அடிக்கும் பொளக் பொளக் என்று ஒலி. கழற்றிக் கவிழ்த்துக் கொட்டினாலும் உள்துணியும் பஞ்சும் குடித்த தண்ணீர் அன்று முழுக்கப் போகாது. வலைத்துணி ஷூவில் இதே விபத்து நடந்தால், அடி வைக்க வைக்கப் பாதம் பம்பு மாதிரி அழுத்தித் தண்ணீரைப் பக்கவாட்டில் பீய்ச்சித் தள்ளும். சில நூறு அடியில் சலசலப்பு அடங்கும். நல்ல வெயில் என்றால் அரைமணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் ஈரம் மட்டும் மிஞ்சும்.

வெப்பமான, புழுக்கமான நாளில் இன்னொரு தொல்லை. நீராவி சவ்வைத் தாண்டி வெளியே போக உள்ளே ஈரம் கூடுதலாகவும் வெளியே குறைவாகவும் இருக்க வேண்டும். வெளியிலும் காற்று ஈரமாக இருந்தால் அந்தத் தள்ளுவிசை இல்லை. வெளித்துணி சேற்றுத் தண்ணீரை உறிஞ்சிக் கனத்துவிட்டால் துளைகளுக்கு மேல் ஒரு ஈரப் போர்வை விழுந்தமாதிரி. வியர்வையிலேயே சாக்ஸ் நனையும். ஓடையில் நனைந்ததோ வியர்வையில் நனைந்ததோ, தோலுக்கு வித்தியாசம் தெரியாது.

நனைந்த தோல் ஊறி வெளுத்து மிருதுவாகும். மிருதுவான தோல் உராய்வில் அடுக்கு பிரிந்து கொப்புளமாகும். எத்தனை நேரம் ஊறுகிறது என்பதால்தான் பாதையின் நேரக் கணக்கும் முக்கியமாகிறது. 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் சொன்ன கணக்கு இன்றும் செல்லும்: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூட ஒரு மணி நேரம். அதாவது 60 மீட்டர் ஏற்றமுள்ள 5 கி.மீ. ஆற்றோரப் பாதைக்கு ஒரு மணி ஆறு நிமிடம். ஆனால் அது நிற்காமல் நடக்கிற திடமான பெரியவருக்கு. ஐந்து வயதுக் குழந்தை கூட இருந்தால் கல்லெறிய, தவளை பார்க்க, தின்ன, மறுபடி கல்லெறிய என்று மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் கால்மணியில் நனைந்த கால், உலர வழியில்லாத ஷூவுக்குள் மீதி நேரம் முழுக்க ஊறும்.

நீர்புகா ஷூவுக்கு இடமே இல்லையா என்றால், உண்டு. ஓடை குறுக்கிடாத, மழையோ உறைபனியோ மட்டும் இருக்கிற குளிர்காலக் காட்டு நடைக்கு அதுவே சரி. குளிரில் நனைந்த கால் விறைத்துப்போகும், வலைத்துணி அங்கே ஆகாது.

கீன் நியூபோர்ட் ஹெச்2

கீன் நிறுவனம் 2003-இல் தொடங்கியதே நியூபோர்ட் என்ற சாண்டலோடுதான். விரல்களுக்கு முன்னால் தடித்த ரப்பர் மூக்கு, மற்ற இடமெல்லாம் பட்டைகள். படகில் நிற்கிறவர்கள் விரலை இடித்துக்கொள்ளாமல் இருக்க வந்த யோசனை, ஆற்றங்கரைக் கல்லுக்கும் அப்படியே பொருந்திப்போயிற்று. வாங்கும்போது பெயரைச் சரியாகப் பாருங்கள். வெறும் நியூபோர்ட் தோல் பட்டையில் வருகிறது, தண்ணீருக்கு அது சரிப்படாது. ஹெச்2 என்று முடிவதே செயற்கை நாடாப் பட்டை வைத்தது.

தண்ணீருக்குள் இறங்குகிற நாளுக்கு இதைவிடப் பொருத்தமான காலணி இந்த மூன்றில் இல்லை. தண்ணீர் தேங்க இடமே கிடையாது. மூடிய முன்பகுதி வெறும் அலங்காரம் இல்லை: ஓடும் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத கல்லில் இடிபடுவது எப்போதும் விரல்நுனிதான், சாதாரணச் சாண்டலில் நகமே பெயர்ந்துபோகும். சுருக்குக் கயிறு போட்ட பூட்டு இருப்பதால் லேஸ் கட்டத் தெரியாத குழந்தையும் தானே மாட்டிக் கழற்றிக்கொள்ளும். குழந்தைகளின் அளவிலும் இதே வடிவம் வருகிறது. நாலு வயதிலிருந்து ஒன்பது வயது வரை ஆற்றோரத்துக்கு முதல் தேர்வாக இதையே சொல்லலாம்.

குறைகள் இரண்டு, இரண்டும் நிஜமானவை. முதலாவது சரளை. பட்டை இடுக்கில் புகும் கூழாங்கல் மூடிய மூக்குக்குள் போய் விரலடியில் தங்கிவிடும். திறந்த சாண்டல் என்றால் தானாக வெளியேறியிருக்கும். காலைத் தண்ணீரில் முக்கி, குதிகாலை உயர்த்தி, பின்னோக்கி இரண்டு உதறு உதறினால் பெரும்பாலும் போய்விடும். காய்ந்த சரளைப் பாதையில் அப்படி முக்கத் தண்ணீர் இருக்காது, நூறு அடிக்கு ஒருமுறை குனிய வேண்டியதுதான். இரண்டாவது, ஈரத்தோலில் பட்டை அறுப்பது. வெறுங்காலில் போட்டு ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஈரமாக நடந்தால் சுண்டுவிரல் பக்கமும் குதிகாலின் மேல்பட்டையும் சிவந்துவிடும். மெல்லிய சாக்ஸ் போட்டுக்கொண்டால் தீர்ந்தது.

காட்டுக்குள் உயரமான புல் உரசும் பாதைக்கு இதை எடுக்காதீர்கள். திறந்த கணுக்கால் உண்ணிக்கும் அட்டைக்கும் திறந்த வாசல். அங்கே மூடிய ஷூ, நீள சாக்ஸ், சாக்ஸுக்குள் செருகிய கால்சட்டை, பாதையின் நடுவே நடை. திரும்பியதும் குழந்தையின் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம், தலைமுடியோரம் என்று பார்த்துவிட வேண்டும்.

பலருக்கு இதன் அளவு சற்றுச் சிறியதாகப் படுகிறது, அரை அளவு கூட்டியும் போட்டுப் பார்ப்பது நல்லது. நாறத் தொடங்கினால் ஹெச்2-வைத் துணிதுவைக்கும் இயந்திரத்தில் மென்சுழற்சியில் குளிர்நீரில் போடலாம். காற்றில்தான் காயவைக்க வேண்டும்.

காலணி எப்படியிருந்தாலும் தண்ணீரின் விதி ஒன்று: குழந்தையின் முழங்காலுக்கு மேல் ஓடும் தண்ணீரில் குழந்தை இறங்கக் கூடாது, பெரியவரின் முழங்காலுக்கு மேல் ஓடும் தண்ணீரில் பெரியவர் இறங்கக் கூடாது. தண்ணீர் கலங்கிப் பழுப்பாக ஓடினாலோ, அடியில் கல் உருளும் சத்தம் கேட்டாலோ கணுக்கால் ஆழத்துக்கும் வேண்டாம். வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

ஆல்ட்ரா லோன் பீக்

மூன்றில் இலேசானது. ஆண்களுக்கான நடு அளவில் ஒரு காலுக்கு 300 கிராமுக்குச் சற்று மேல். முன்பகுதி மனிதப் பாதத்தின் உருவத்திலேயே விரிந்திருக்கிறது, விரல்கள் ஒன்றையொன்று நெருக்குவதில்லை. நீண்ட நடையில் பாதம் வீங்கும்போது இதன் அருமை தெரியும். விரல்களுக்கிடையில் கொப்புளம் வருகிறவர்கள், சுண்டுவிரல் நகம் கறுத்துப்போகிறவர்கள் இதை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். வலைத்துணி மெல்லியது, தண்ணீர் புகுந்த வேகத்தில் வெளியேறும். உலரும் வேகத்தில் மோவாபை எளிதாக முந்தும்.

இதை எல்லோருக்கும் கையில் எடுத்துக் கொடுத்துவிட முடியாததற்குக் காரணம் அதன் குதிகால். லோன் பீக்கில் குதிகாலும் முன்பாதமும் ஒரே உயரம், தரையிலிருந்து 25 மி.மீ. மோவாபில் குதிகால் முன்பாதத்தைவிட 11.5 மி.மீ. உயர்ந்து நிற்கிறது. வருஷக்கணக்கில் உயர்ந்த குதிகாலில் நடந்த காலின் கெண்டைக்கால் தசையும் அதைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாணும் அந்த நீளத்துக்குச் சுருங்கிப் பழகியிருக்கும். திடீரென்று தட்டையான ஷூவில் எட்டுக் கிலோமீட்டர் நடந்தால் மறுநாள் மாடிப்படி இறங்கவே முடியாது. ஷூ மோசம் என்று தூக்கிப் போடுகிறவர்களில் பலருக்கு நடப்பது இதுதான். வீட்டிலும் தெருவிலும் தினம் அரைமணி, பிறகு 2 கி.மீ., பிறகு 4 கி.மீ. என்று மூன்று நான்கு வாரம் கொடுத்தால் தசை பழகிக்கொள்ளும். அந்தத் தசைநாணில் வலி ஏற்கெனவே உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மாற வேண்டாம்.

உழைப்பிலும் மோவாப் அளவுக்கு எதிர்பார்க்க முடியாது. மென்மையான சோல் சீக்கிரம் தேயும். சுண்டுவிரல் மடங்கும் இடத்தில் வலைத்துணி முதலில் கிழியும். மாதம் ஒருமுறை நடக்கிற குடும்பத்துக்கு இது பல வருஷம் வரும், வாரந்தோறும் நடக்கிறவருக்கு வராது.

ஆக, முதல் ஜோடி வாங்கும் பெரியவருக்கு வலைத்துணி மோவாப் 3. குழந்தைக்கு நியூபோர்ட் ஹெச்2, கூடவே காட்டு நாளுக்கு ஏதாவது ஒரு மூடிய வலைத்துணி ஷூ. ஏற்கெனவே தட்டையான காலணிக்குப் பழகியவருக்கும், ஒரு வருஷம் நடந்து கால் தேறியவருக்கும் லோன் பீக்.

அளவு பார்ப்பது

எந்தக் காலணியின் பெயரையும்விட அளவு தப்பாமல் இருப்பது முக்கியம். கடைக்குச் சாயங்காலம் போங்கள், பகல் முழுக்க நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும். நடைக்குப் போடப்போகிற சாக்ஸையே போட்டுக்கொள்ளுங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம், அதாவது 1 முதல் 1.5 செ.மீ. இடம் வேண்டும். கடையில் படிக்கட்டோ சாய்பலகையோ இருந்தால் இறங்கிப் பாருங்கள். இறக்கத்தில் விரல் முன்னால் போய் இடித்தால் அது உங்கள் அளவு இல்லை.

குழந்தைக்கு வெளியிலிருந்து அழுத்திப் பார்ப்பது ஏமாற்றும். அழுத்தினால் அது விரலை மடக்கிக்கொள்ளும். உள்ளே இருக்கும் இன்சோலை உருவித் தரையில் போட்டு, அதன்மேல் குழந்தையை நேராக நிற்க வையுங்கள். குதிகால் பின்விளிம்போடு சேர்ந்திருக்க, முன்னால் 12 மி.மீ. மிஞ்ச வேண்டும். மூன்று வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடையில் பாதம் மாதத்துக்கு ஏறத்தாழ 1 மி.மீ. வளர்கிறது. 12 மி.மீ. என்பது ஆறேழு மாதத்துக்குள் 5 மி.மீ. ஆகிவிடும், அப்போது மாற்றும் நேரம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இன்சோலை உருவிப் பார்த்தால் போதும். வளரட்டும் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கினால் குதிகால் ஷூவுக்குள் ஏறி இறங்கும், வேரில் தடுக்கும்.

குதிகால் ஏறி இறங்குவது பெரியவர்களுக்கும் வரும். லேஸ் துளைகளில் மேலே கடைசியாகப் பின்தள்ளி ஒரு துளை இருக்கும், பெரும்பாலோர் அதைத் தொடுவதே இல்லை. லேஸ் நுனியை அதே பக்கத்து அந்தத் துளையில் வெளியிலிருந்து உள்ளே விட்டால் ஒரு சின்ன வளையம் வரும். மறுபக்கமும் அப்படியே. இப்போது ஒவ்வொரு நுனியையும் எதிர்ப்பக்க வளையத்துக்குள் நுழைத்து, கீழ்நோக்கிப் பின்னால் இழுத்துக் கட்டினால் குதிகால் பிடித்துவைத்தமாதிரி உட்கார்ந்துவிடும். இறக்கத்தில் விரல் இடிப்பதும் இதோடு நிற்கும்.

சாக்ஸ் பருத்தியில் வேண்டாம். பருத்தி தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், மடிப்பு விழும், தோலோடு ஒட்டி இழுக்கும். மெரினோ கம்பளி கலந்தது நனைந்தாலும் வெதுவெதுப்பாக இருக்கும், நாறவும் நாறாது. கைப்பையில் ஆளுக்கு ஒரு ஜோடி மாற்றுச் சாக்ஸ் இருக்கட்டும். பாதி வழியில் உட்காரும் இடத்தில் ஈரச் சாக்ஸைக் கழற்றி, பாதத்தைப் பத்து நிமிடம் காற்றாட விட்டு, மாற்றிப் போட்டால் மீதி நடை வேறு மாதிரி இருக்கும். குதிகாலில் எங்கோ சுடுகிறதே என்று தோன்றிய நொடியே நின்று, தோலைத் துடைத்து உலர்த்தி, பிசின் பலமான துணிப்பட்டையை ஒட்டிவிட வேண்டும். வண்டிக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் வண்டிக்குப் போவதற்குள் கொப்புளம் எழும்பியிருக்கும்.

வீடு திரும்பிய பிறகு

நனைந்த ஷூவை அடுப்பருகிலோ ஹீட்டர் மேலோ வைத்துத்தான் அதிகம் பேர் கெடுக்கிறார்கள். சோலை ஒட்டியிருக்கும் பசை சூட்டில் இளகும், தோல்பகுதி வெடிக்கும். இன்சோலை உருவி, லேஸைத் தளர்த்தி, உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள். ஒரு மணி நேரத்தில் அந்தத் தாள் சொதசொதவென்று இருக்கும். எடுத்துவிட்டு வேறு தாள், பிறகு இன்னொரு முறை. பிறகு காற்றோட்டமான நிழல். இதைச் செய்தால் வலைத்துணி ஷூ மறுநாள் காலை தயார்.

பல வருஷம் அலமாரியில் தூங்கிய பழைய பூட்ஸை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில பூட்ஸில் நடு சோல், அதாவது பாதத்துக்கும் அடி ரப்பருக்கும் இடையிலுள்ள மெத்தை, பாலியூரித்தேன் என்ற நுரைப் பிளாஸ்டிக். அது பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் காற்றின் ஈரத்தால் உள்ளுக்குள் சிதையும், வெளியே பார்த்தால் புதுசுபோலவே இருக்கும். பாதையில் இரண்டாவது கிலோமீட்டரில் சோல் மொத்தமாகக் கழன்று வரும். கிளம்பும் முன் கட்டைவிரலால் நடு சோலை அழுத்திப் பாருங்கள், இரு கையாலும் வளைத்துப் பாருங்கள். மாவாக உதிர்ந்தாலோ விரிசல் தெரிந்தாலோ விட்டுவிடுங்கள்.

கடைசியாக, கழுவுவது. ஒரு ஆற்றின் சேறு இன்னொரு ஆற்றுக்குப் போகக் கூடாது. சோல் இடுக்கில் ஒட்டிய மண்ணில் களைவிதையும், மரவேரைக் கொல்லும் பூஞ்சை போன்ற கிருமியும், நீர்ப்பாசியும் உயிரோடு பயணம் போகும். நியூசிலாந்தின் கௌரி மரங்களை வேரோடு அழுகவைக்கும் நோய் மண் வழியாகப் பரவுகிறது. அந்தக் காடுகளின் வாசலில் ஷூவைத் தேய்த்துக் கழுவி மருந்து தெளிக்கும் இடங்களையே வைத்திருக்கிறார்கள். ஆற்றுக் கல்லில் வழுக்காமலிருக்க மீன்பிடிப்பவர்கள் போட்ட கம்பளி அடி வைத்த பூட்ஸை அதே நாடு 2008-இல் தடை செய்தது, உலராத அந்தக் கம்பளியில் பாசி உயிரோடு ஒட்டிக்கொண்டு ஆறு விட்டு ஆறு போனதுதான் காரணம். சீக்கிரம் உலரும் ஷூ இந்த வகையிலும் நல்லது. பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்றை வண்டியிலேயே போட்டுவையுங்கள். பாதை முடிகிற இடத்திலேயே சோலின் பல்லிடுக்கை ஒவ்வொன்றாகத் தேய்த்து, அந்த மண்ணை அங்கேயே விட்டுவிட்டு வண்டி ஏறுங்கள். குழந்தையின் சாண்டலில் சுருக்குக் கயிற்றின் பூட்டுக்குள்ளும், மூடிய மூக்கின் உட்பக்க மடிப்பிலும் மண் தங்கியிருக்கும், அங்கேயும் பிரஷ் போக வேண்டும்.